அம்மாவின் பிடி

டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா மைதானத்தின் பழைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரோனின் 715வது ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டு ஒரு முழுச் சுற்று ஓடி வருவது. வெள்ளையின ஜாம்பவான் பேப் ரூத்தின் 714 என்ற சாதனை அன்றோடு முறிந்தது.

பந்து வேலியைத் தாண்டியதைவிட, அடுத்து வருவதுதான் என்னை விடவில்லை. ஓடி முடித்த மகனை அம்மா எஸ்டெல்லா இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். அப்படியொரு பிடி.

கறுப்பின மனிதர் அந்தச் சாதனையைத் தொடக் கூடாதென்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்த காலம் அது. பெற்ற மனசு எப்படித் துடித்திருக்கும்!

23 சீசன், 755 ஹோம் ரன். அத்தனையையும் கழித்துவிட்டாலும் 3,000 ஹிட்டுக்கு (பந்தை அடித்துவிட்டு ஓடித் தளத்தை எட்டுவது) மேல் மிச்சமிருக்கும்! ஆனால் எண்களை மட்டும் படித்தால் அவர் பட்டது தெரியாது.

நாற்பது வருடம் கழித்தும் அந்தக் கடிதங்களை அவர் தூக்கிப் போடவில்லை.