ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’

பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில், நோயாளியின் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பெஞ்சில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு ‘ஆர்’ இருக்கும், மற்றதெல்லாம் ‘எஸ்’. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. இப்போது ஐசியூவிலிருந்து வரும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்குச் சில நாட்களில் மேலிருந்து கீழ்வரை ஆர் என்றே அடித்துக்கொண்டு போகிறேன். மெரோபெனம் ஆர், அமிக்காசின் ஆர். கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கொலிஸ்டினும் ஆர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போன பையன் ஐந்தே நிமிஷத்தில் திரும்ப வந்து ஜன்னலில் நின்றான். “அக்கா, எல்லா இடத்துலயும் ஆர்னு போட்டிருக்கே, நல்லதாக்கா?” அவன் அம்மா வென்டிலேட்டரில் இருந்தார். “டாக்டர் சொல்வார்ப்பா” என்று அனுப்பிவைத்தேன். லேபிலிருந்து அதற்கு மேல் சொல்லக் கூடாது.

அந்த அம்மாவின் பிளேட் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிருமி வளர்க்கும் மெக்கான்கி அகார் கூழில் ரோஸ் நிறத்தில், சளி மாதிரி வழவழவென்று பெரிய காலனிகள். லூப்பால் தொட்டுத் தூக்கினால் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வழவழப்புதான் கிளெப்சியெல்லாவின் கவசம். ரிப்போர்ட் போன பிறகு இப்படிப்பட்ட பிளேட்டுகள், நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும். ஆனால் அப்போது எங்கள் லேபில் சின்னதாக ஒரு ஃபேஜ் ஆராய்ச்சி தொடங்கியிருந்தோம். அதனால் கிளிசராலில் கலந்து மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு குப்பி எடுத்துவைத்தேன்.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவுக்கு வரும் வைரஸ். அது மனித செல்லைத் தாக்காது. தனக்குப் பொருந்தும் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தி, அங்கேயே பல மடங்காகப் பெருகி, கடைசியில் அதை வெடிக்கவைத்து வெளியே வரும். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி செத்துப்போகிறது என்று ஆக்ராவில் வேலை பார்த்த ஹாங்கின் 1896-லேயே எழுதினார். அதற்குக் காரணம் ஃபேஜாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டெரெல் இதற்கு ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயர் வைத்தார். பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் இதை விட்டுவிட்டன. ஜார்ஜியாவின் திபிலிசி போன்ற சில இடங்களில்தான் அந்த வேலை தொடர்ந்து நடந்தது.

பாக்டீரியா எங்கே அதிகமோ ஃபேஜும் அங்கேதான் அதிகம். அதனால் எங்கள் தேடல் ஆஸ்பத்திரியின் கழிவுநீர் நிலையத்தில் தொடங்கியது. ஆபரேட்டர் அண்ணன் கயிறு கட்டிய கேனில் மொண்டு கொடுப்பார். அதைச் சுழற்றித் தெளியவைத்து, நுண்வடிகட்டியில் விட்டு, அந்த அம்மாவின் கிளெப்சியெல்லாவின் இளம் கல்ச்சரோடு ஒரு ராத்திரி வளர்க்கவேண்டும். மறுபடி வடிகட்டி, இளகிய அகாரில் பாக்டீரியாவோடு கலந்து பிளேட்டில் ஊற்றவேண்டும். அகார் கொஞ்சம் சூடாக இருந்தால் பாக்டீரியா போய்விடும். ஆறவிட்டால் கட்டி தட்டிவிடும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை. எல்லா பிளேட்டிலும் பாக்டீரியா பால் ஊற்றினாற்போல் ஒரே சீராகப் படர்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அந்தப் பால் வெள்ளையில் குண்டூசித் தலை அளவுக்குத் தெளிந்த வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலாக ஒரு வளையம். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அது மாதிரி. வட்டம் பாக்டீரியா செத்த இடம். வளையம், ஃபேஜின் என்சைம் பரவி அந்த வழவழப்பை மட்டும் அரித்த இடம். எந்தக் கவசத்தைப் பார்த்து நான் பயந்தேனோ அது பிளேட்டில் கரைந்து கிடந்தது.

அந்த அம்மா இறந்து அப்போது பதினாறு நாள் ஆகியிருந்தது.

உயிரோடு இருந்திருந்தாலும் நான் அதைக் கொடுத்திருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். வெடித்த பாக்டீரியாவிலிருந்து வரும் நஞ்சை நீக்கவேண்டும். அந்த ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்லாமல் உள்ளேயே பதுங்கிக்கொள்ளும் வகையா, கெட்ட மரபணு எதையாவது சுமக்கிறதா என்று டிஎன்ஏவைப் படித்துப் பார்க்கவேண்டும். அப்புறம் அனுமதி. ஆனால் இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. 2016-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர், எந்த மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவால் கோமாவில் கிடந்தார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிக் கேட்டார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக லேபும் அமெரிக்கக் கடற்படை லேபும் ஃபேஜ் கொடுத்தன. ரத்தத்தில் ஏற்றிய சில நாளில் அவர் கண் விழித்தார். நடுவில் பாக்டீரியா அந்த ஃபேஜுக்கும் தப்பக் கற்றுக்கொண்டது. புதிதாகத் தேடிக் கொடுத்தார்கள்.

பெல்ஜியத்தில் இது ஒரு ஒழுங்குக்கே வந்துவிட்டது. மருந்தாளர் தனி நோயாளிக்காகத் தயாரித்துக் கொடுக்கும் மருந்து என்ற முறையில் அங்கே ஃபேஜைத் தரலாம். அவர்கள் ஒருங்கிணைத்த முதல் 100 சிகிச்சைகளின் முடிவு 2024-ல் வெளியானது. சுமார் 77 சதவீதத்தில் நோயாளிக்கு முன்னேற்றம். கூடவே ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தவர்களிடம் கிருமி ஒழிந்தது அதிகம். எனக்கு அதில் வியப்பில்லை. ஃபேஜுக்குத் தப்ப பாக்டீரியா சில சமயம் தன் கவசத்தையே கழற்றிப் போடுகிறது; அப்போது பழைய மருந்துக்கே மறுபடி அடங்குவதும் உண்டு.

என் ஆதங்கம் வேறு. ஃபேஜ் சாவி மாதிரி, ஒரு பூட்டுக்குத்தான் சேரும். நோயாளி படுத்த பிறகு சாவி தேடக் கிளம்பினால் பதினாறு நாள் ஆகிவிடும். முன்கூட்டியே நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கவேண்டும். சேர்க்க, பூட்டும், அதாவது கிருமியும், கையில் இருக்கவேண்டும். எல்லா ஆர் கிருமிகளையும் எடுத்துவைக்கலாமே என்று மேலே கேட்டபோது, ஃப்ரீசரில் இடம் இல்லை என்றார்கள். அதனால் எத்தனையோ குப்பிகளில் நிற்கவேண்டியவை ஆட்டோகிளேவில் வெந்து போயின. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சரி, இருக்கும் ஒரு தட்டில் முடிந்தவரை அடுக்கிவைக்கிறேன்.

போன மாதம் மறுபடி ஒரு கிளெப்சியெல்லா, ரிப்போர்ட் முழுக்க ஆர். எங்களிடம் இருந்த ஒன்பது ஃபேஜையும் அதன் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவின் குப்பியில் பிடித்ததும் அதில் ஒன்று. காலையில் பார்த்தால் ஒரு சொட்டும் தெளியவில்லை. குப்பியில் எண் எழுதி ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஆபரேட்டர் அண்ணனுக்குப் போன் போட்டேன். “கேன் கழுவி வச்சிருக்கேன், வாம்மா” என்றார்.