தையல் எங்கே இருக்கிறது: டச்சு கூட்டுச்சொற்களோடு மூன்று வாரம்

முதல் வாரம் முழுக்க ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். டச்சில் ‘டண்ட்’ பல், ‘ஆர்ட்ஸ்’ மருத்துவர். இரண்டையும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதினால் பல் மருத்துவர். நான் பேசியதைப் பதிவு செய்து கேட்டேன். ‘டண்-டார்ட்ஸ்’ என்று பிரித்திருக்கிறேன், அதுவும் ‘வண்டி’யில் வரும் மெல்லிய டகரத்தோடு.

உடல், உறுப்பு சேர்ந்தால் உடலுறுப்பு என்று மெய்யோடு உயிரை ஒட்டிப் பழகிய நாக்கு நமக்கு. டச்சில் ‘டண்ட்’ என்ற சொல் முடியும் இடத்தில் அசையும் முடிகிறது. அங்கே அந்த டகரம் ‘பட்டு’வில் வருவதுபோல் வலித்துவிடும். பற்கள் என்று பன்மையில் ‘டண்டன்’ சொல்லும்போது மட்டும் அது அடுத்த அசைக்குத் தாவி மெல்லியதாகவே இருக்கும். இதைப் பிடிக்க நாலு நாள் ஆனது.

இரண்டாம் வாரம் கிடைத்த சொல்லை நான் மறக்கவே மாட்டேன். எழுத்தில் ஒன்றேதான்: massagebed. ‘மஸாஜ’வுக்குப் பின் வெட்டினால் மசாஜ் கட்டில்; அழுத்தம் ‘ஸா’வில். ‘மஸ்ஸா’வோடு வெட்டினால் மிச்சம் ‘ஹபெட்’, அதாவது பிரார்த்தனை; கூட்டுப் பிரார்த்தனை என்று பொருள் வரும். அழுத்தம் ‘மஸ்’ஸுக்குப் போகிறது, ‘ஜ’ இருந்த இடத்தில் தொண்டையை உரசும் ‘ஹ’ வருகிறது. நம் ‘பலகை’யைப் ‘பல கை’ என்று பிரிப்பது மாதிரிதான். ஆனால் இங்கே காதிலேயே வித்தியாசம் தெரிகிறது. அன்றிலிருந்து அழுத்தத்தைத் தனியாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். முதலில் தையலை, அதாவது இரண்டு சொற்கள் ஒட்டிய இடத்தைத் தேடு, அப்புறம் முதல் சொல்லுக்கு உரிய அழுத்தத்தை அப்படியே வை. பெரும்பாலும் சரியாக வருகிறது.

பெரும்பாலும்தான். ‘ஹௌஸ்’ என்றால் வீடு (நம் கக்கூஸ்கூட டச்சு ‘கக்’, ‘ஹௌஸ்’ சேர்ந்த சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்). மருத்துவமனைக்கு ‘ஸீக்கன்ஹௌஸ்’; அழுத்தம் ஒழுங்காக ‘ஸீ’யில். நகர மன்றக் கட்டடத்துக்கு ‘ஸ்டட்ஹௌஸ்’. அழுத்தம் கடைசி ‘ஹௌஸ்’ மேல்! குளிர்காலத்தில் உருளைக்கிழங்கோடு மசிக்கும் கீரை ‘பூரன்கோல்’. அதிலும் ‘கோல்’தான் ஓங்கும். இப்படிப்பட்டவற்றைத் தனி அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறேன், ஏழு சேர்ந்திருக்கிறது.

நேற்று மருத்துவமனைக் கட்டிலை முயன்றேன்: ‘ஸீக்கன்ஹௌஸ்பெட்’. வால் நீண்டாலும் அழுத்தம் ‘ஸீ’யை விட்டு நகரவில்லை. ஆறாவது முறை மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.