நீலம் ஏறினால் பதம் போச்சா? டர்னர் டிரேடு படிப்பவர்களுக்கு என் அனுபவம்

ஐடிஐ இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வைவாவுக்கு நின்றேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் டூல் போஸ்ட்டைப் பார்த்தார். லேத்தில் இரும்பைச் சீவும் டூல் பிட்டின் முனையில், கிரைண்டரில் பிடித்தபோது ஏறிய நீலம் அப்படியே இருந்தது.

"நீலமா இருக்கே தம்பி, இதோட ஹார்ட்னஸ் இருக்கா, போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்."

"அப்ப இந்த வேலையை எதை வெச்சு முடிச்ச?"

பதில் வரவில்லை. அந்த பிட் ஹெச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல். ஹெச்எஸ்எஸ் என்றால் என்ன, அதன் கலவையான 18-4-1 என்றால் என்ன என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். நோட்டில் இருந்ததெல்லாம் மனப்பாடம். நோட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டார்.

அந்தத் தவறான பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில் என் தாய்மாமாவுக்குக் கொல்லுப்பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொடுவாள் அடிப்பார், மல்லாட்டைக் கொல்லைக்குக் களைக்கொத்து அடிப்பார். பள்ளி விடுமுறையில் துருத்தி சுற்றுவது என் வேலை. சிவக்கக் காய்ந்த கொடுவாளைத் தோய்த்து எடுத்து, வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி லேசாகச் சூடு காட்டுவார். வைக்கோல் நிறம் ஓடிவரும், அடுத்து ஊதா, அதற்குப் பின்னால் நீலம். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிடுவார். "நீலம் பூத்துட்டா பதம் பூட்ச்சி கண்ணு, வாய் மடங்கிக்கும்" என்பார்.

மாமா சொன்னது கார்பன் ஸ்டீலுக்கு முழு உண்மை. வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி செல்சியஸில் வரும், நீலம் சுமார் 300இல். சாதாரண கார்பன் ஸ்டீல் டூல் 200, 250 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும். ஆகவே நீலம் என்பது அங்கே கெட்ட செய்தி. ஹெச்எஸ்எஸ்ஸில் கதை வேறு. அது சுமார் 600 டிகிரி வரை கடினத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்காது. ரெட் ஹார்ட்னஸ் என்று நாம் எழுதுவது இதைத்தான். நீலம் என்பது மேற்பரப்பில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம். இவ்வளவு சூடு ஏறியது என்று மட்டும் அது சொல்லும். அந்தச் சூட்டில் பதம் போகுமா போகாதா என்பதை ஸ்டீலின் கலவையிடம் கேட்க வேண்டும்.

ஏன் போகாது என்பதை எங்கள் இன்ஸ்ட்ரக்டர் தேர்வு முடிந்த பிறகு உட்கார்த்தி வைத்து விளக்கினார். அதைத் தேர்வுக்கு முன்பே கேட்டுக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஹெச்எஸ்எஸ்ஸைப் பதப்படுத்த 850 டிகிரி அளவில் முதலில் மெதுவாகக் காய்ச்சுவார்கள். சூடு உள்ளே போக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் விரிசல் விடும். பிறகு 1200 டிகிரிக்கும் மேலே, உருகத் தொடங்கும் நிலைக்கு மிக அருகில் கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில்தான் டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் கார்பைடுகளில் (இந்த உலோகங்கள் கார்பனோடு சேர்ந்த கடினமான துகள்களில்) ஒரு பகுதி கரைந்து இரும்புக்குள் போகும். குளிர்வித்த பிறகு சுமார் 550 டிகிரியில் இரண்டு, மூன்று முறை டெம்பரிங், அதாவது மறுபடி சூடு காட்டுவது. மாமாவின் கொடுவாள் நன்றாக இளகிப்போகும் அதே சூட்டில், ஹெச்எஸ்எஸ்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பைடுகள் புதிதாகப் பிரிந்து கடினம் ஏறுகிறது. குளிர்வித்தபோது மாறாமல் தங்கிவிட்ட ஆஸ்டினைட் என்ற மென்மையான அமைப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறுகிறது. ஒரே முறை டெம்பரிங் போதாது என்பதற்குக் காரணம் அதுதான். முடிவில் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 62 முதல் 65 வரை நிற்கும். 550இல் பதம் ஏற்றிய பொருளை 300 டிகிரி நீலம் என்ன செய்துவிடும்?

இதைப் புரிந்துகொண்டால் கலவை எண்கள் தாமாகவே மனதில் நிற்கும். டி1 என்ற ஹெச்எஸ்எஸ் வகை 18 சதவீதம் டங்ஸ்டன், 4 குரோமியம், 1 வனேடியம். இன்று கடையில் அதிகம் கிடைக்கும் எம்2இல் டங்ஸ்டன் சுமார் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2. குரோமியம் பதம் உள்ளே வரை இறங்க உதவும். வனேடியம் தேய்மானத்தைத் தாங்கும். எம்35இல் 5 சதவீதமும் எம்42இல் 8 சதவீதமும் கோபால்ட் சேர்ப்பது சூட்டை இன்னும் தாங்குவதற்காக.

வரலாற்றுக் கேள்விக்கும் இந்த நீலமே ஞாபகக் கொக்கி. 1868இல் இங்கிலாந்தின் மஷெட் டங்ஸ்டன் சேர்த்த ஸ்டீலைக் கொண்டுவந்தார். பிறகு அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீலில் டெய்லரும் ஒயிட்டும், 'இதற்கு மேல் காய்ச்சினால் டூல் கெட்டுவிடும்' என்று எல்லோரும் நம்பிய எல்லையைத் தாண்டிக் காய்ச்சிப் பார்த்தார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய டூல், சீவல் நீலமாக ஓட, முனை மங்கிய சிவப்பில் கனன்றபடி கடைந்து காட்டியது.

இனி கிரைண்டர். டூல் கிரைண்டிங்கை வீடியோவில் பார்த்துக் கற்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் கெடுத்த முதல் பிட் நீலத்தால் கெடவில்லை, தண்ணீரால் கெட்டது. நேரம் போகிறதே என்று வீலில் அழுத்திப் பிடித்து, கை பொறுக்காத சூட்டில் டப்பாத் தண்ணீரில் சட்டென்று முக்கினேன். விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது, கண்ணில் படவில்லை. மரை வெட்டும்போது முனை பொரிந்து போனது. நீலம் பரவாயில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று அர்த்தமில்லை. வீல் தொடும் இடத்தில் மட்டும் 600ஐத் தாண்டிவிடலாம். லேசான அழுத்தம், பிட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும் கை, தொடக்கம் முதலே அடிக்கடி குளிர்விப்பது, அதிகம் காய்ந்துவிட்டால் காற்றில் ஆறவிடுவது. மைல்டு ஸ்டீல் கடைவதற்கு, டூல் வேலையில் உரசாமலிருக்க விடும் சாய்வான கிளியரன்ஸ், முன்புறமும் பக்கவாட்டிலும் 6 முதல் 8 டிகிரி போதும்.

பெயர் அழிந்த இரண்டு பிட்களைக் கொடுத்து எது ஹெச்எஸ்எஸ் என்று கேட்டால் வீலில் தொட்டுப் பொறியைப் பாருங்கள். கார்பன் ஸ்டீல் மஞ்சள் கலந்த வெள்ளையாக மத்தாப்புப்போல் வெடித்துச் சிதறும். ஹெச்எஸ்எஸ் மங்கிய சிவப்புக் கோடுகளாக, வெடிப்பு அதிகமில்லாமல் ஓடும்.

வேகக் கணக்கு சுலபம். மைல்டு ஸ்டீலுக்கு ஹெச்எஸ்எஸ் டூலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால், 25 மில்லிமீட்டர் தண்டுக்குச் சுமார் 382 சுற்று. லேத்தில் அதற்கு அடுத்துக் கீழே உள்ள வேகத்தைப் போடுங்கள்.

"கார்பைட் டூல் வந்த பிறகு ஹெச்எஸ்எஸ் எதற்கு?" என்ற கேள்வியும் வரும். ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்ரன்டிஸ் நேர்முகத்துக்குப் போனபோது என்னிடம் கேட்டார்கள். கார்பைட் இன்னும் பல மடங்கு வேகம் தாங்கும், ஆனால் அடி தாங்காது, நொறுங்கும். டிரில், டேப், ரீமர், ஹாப், புரோச் போன்றவற்றில் ஹெச்எஸ்எஸ் இன்னும் இருப்பதற்கு அதன் உறுதி காரணம். வேண்டிய வடிவத்தில் நாமே தீட்டிக்கொள்ளலாம் என்பதும் சேரும். இதைச் சொல்லி முடித்ததும் நீலத்தைப் பற்றியும் நானாகவே சொன்னேன். வேலை கிடைத்தது.

போன தீபாவளிக்கு மாமா, தேய்ந்துபோன பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்று கேட்டார். ஆம்பூரில் தோல் சீவும் ஒருவருக்குக் கத்தி வேண்டுமாம். முழு ஹெச்எஸ்எஸ் பிளேடாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து, "உலையில வெக்காதீங்க மாமா, அடிக்கவும் வேணாம், தீட்டுங்க போதும்" என்றேன். கிரைண்டரில் பிடித்தார். ஓரத்தில் நீலம் ஓடியது. "பூட்ச்சி" என்று தூக்கிப் போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் கிடந்த அரத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த நீலத்தின் மேல் வைத்து ராவினார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. மறுபடியும் ராவிப் பார்த்தார்.