ரொட்டியில ஜல்லியா?

மகள் கொண்டுபோன மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் ரொட்டி ஊதா நிறத்தில் ஊறி, தொட்டால் கையோடு வருகிறது. "அப்பா, நீ தப்பா செய்யுற. எல்லா அப்பாவுக்கும் இது தெரியும்" என்றாள், ஏழு வயதுக்காரி. ஐம்பது பேருக்குப் பொங்கல் கிண்டிய கை இது. இரண்டு துண்டு ரொட்டியிடம் தோற்றது.

பாஸ்டன் பக்கம் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வேர்க்கடலையை வெண்ணெய்போல அரைத்த பீனட் பட்டரும் ஜெல்லியும் வைத்த சாண்ட்விச் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் தயிர்சாதம் மாதிரி. போனில் அம்மாவிடம் சொன்னேன். "ரொட்டியில ஜல்லியா?" என்று பதறிவிட்டார். அவருக்குத் தெரிந்தது கட்டடத்துக்குக் கொட்டும் முக்கால் ஜல்லிதான்! பழத்தின் சாற்றை மட்டும் வடித்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சி உறையவைப்பது என்று விளக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

1901-இல் இந்தச் சாண்ட்விச் குறிப்பை எழுதிய ஜூலியா டேவிஸ் சாண்ட்லர், அதைப் போட்டது பாஸ்டன் சமையல் பள்ளியின் பத்திரிகையில். ஊதா ஜெல்லிக்கான திராட்சையை 1849-இல் எப்ராயிம் புல் உருவாக்கியதும் பக்கத்திலிருக்கும் கான்கார்டில். சொதப்பினாலும் சரியான ஊரில்தான் சொதப்பியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் சூட்சுமம் சொன்னார். இரண்டு துண்டுகளிலும் பீனட் பட்டரை ஓரம்வரை மெல்லிசாகப் பூச வேண்டும். அதன் எண்ணெய்ப் பசை ஈரத்தை ரொட்டிக்குள் விடாது. ஜெல்லி நடுவில் மட்டும், விளிம்பில் ஒரு விரல் இடம் விட்டு. நான் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று பூசியிருந்தேன். அப்புறம் ஊறாமல் என்ன செய்யும்?

இப்போது காலை ஆறரைக்கு டப்பா தயார். இந்த ஊர் பழகிவிட்டது என்றுகூடச் சொல்வேன். ஒரே ஒரு சிக்கல், உப்பும் கடலையும் தவிர வேறெதுவும் சேர்க்காத பீனட் பட்டர் பாட்டிலைத் திறக்கும்போது. மேலே எண்ணெய் மிதக்கும், அடிவரை கரண்டியை விட்டுக் கிளற வேண்டும். கிளறினால் அந்த வாசனை.

உங்களுக்கு வேர்க்கடலை, திண்டிவனம் பக்கத்து எங்களுக்கு மல்லாட்டை. ஆயா அதை மணலில் வறுத்து, தோலைத் தேய்த்துப் புடைத்து, வெல்லத்தோடு உரலில் இடிப்பார். இடிக்க இடிக்க எண்ணெய் கசிந்து உலக்கைப் பூணில் ஒட்டும். அதை வழித்துத் தின்ன எனக்கும் தம்பிக்கும் சண்டை நடக்கும். பிடுங்கிய செடியில் காய் ஆய்ந்து நகக்கண் எரியும் நாளிலும் அந்தச் சண்டை நிற்காது.

போன வாரம் என் பங்கு ரொட்டியில் ஜெல்லிக்குப் பதில் வெல்லத்தைச் சீவிப் போட்டேன். கிட்டத்தட்ட வந்தது, முழுசாக வரவில்லை. ஒரு படிக்கு ஆயா எவ்வளவு வெல்லம் போடுவார் என்று அம்மாவைக் கேட்டேன்.

"கண்ணளவுதான்டா. அது கிடக்கட்டும், அந்த ஜல்லி பிள்ளைக்குச் செரிக்குதா?"