கீழாநெல்லி மூட்டையைச் சோதிக்கும்போது

வேலூர்ப் பக்கம் மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் முளைக்கிற செடிதான். ஆனாலும் ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கமிருந்து வரும் மூட்டையில் இதன் பங்காளிச் செடிகளும் சேர்ந்தே வரும். வேண்டுமென்று கலப்பதைவிட, கைக்கு அகப்பட்டதைச் சேர்த்துப் பிடுங்குவதே அதிகம்.

பொடியாக வாங்கினால் பாதி அடையாளம் போயிற்று. முழுச் செடியாகக் கேட்க வேண்டும். கீழாநெல்லியான பில்லாந்தஸ் அமாரஸின் நடுத்தண்டில் செதில்தான் இருக்கும், இலை பக்கக் கிளையில். நடுத்தண்டிலேயே ஆப்பு வடிவ இலை இருந்தால் மேலாநெல்லி. காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரவென்றிருந்தால் பில்லாந்தஸ் யூரினேரியா என்ற பங்காளி. பூவுக்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும்: அமாரஸில் இதழ் ஐந்து, மற்ற பங்காளிகளான டெபிலிஸிலும் ஃபிரடெர்னஸிலும் ஆறு. காய்ந்த பூவைத் தொட்டால் நொறுங்கும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்து எண்ண வேண்டும். பழைய இந்தியக் கட்டுரைகளில் 'பில்லாந்தஸ் நிருரி' என்று எழுதியதில் பெரும்பாலானவை அமாரஸ்தான். அசல் நிருரி அமெரிக்கச் செடி.

அடுத்து டி.எல்.சி., அதாவது சாற்றிலுள்ள பொருள்களை மெல்லிய சிலிக்கா பூசிய பிளேட்டில் ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனை. பொடி 1 கிராம், மெத்தனால் 10 மில்லி, சானிகேட்டரில் (ஒலியதிர்வால் சாற்றை இறக்கும் கருவி) அரை மணி நேரம், பிறகு வடிகட்டல். சிலிக்கா பிளேட்டில் ஹெக்சேன், அசிட்டோன், எத்தில் அசிடேட் 74:12:8 என்ற கலவையில் ஓட்டி, 10% கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் ஒவ்வொரு பொருளும் நிறப் பட்டையாகத் தெரியும். கீழாநெல்லியின் அடையாளப் பொருள்களான பில்லாந்தினும் ஹைப்போபில்லாந்தினும் அடுத்தடுத்து நிற்பவை; குட்டைப் பிளேட்டில் ஒன்றாகிவிடும். மழை நாளில் சிலிக்கா ஈரம் இழுத்து ஆர்.எஃப்., அதாவது பட்டை ஏறி நிற்கும் உயர விகிதம், நகர்ந்துவிடும். பிளேட்டை 110 டிகிரியில் அரை மணி நேரம் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவிட வேண்டும். அதே பிளேட்டில் ஒப்பிட ஸ்டாண்டர்டு (சுத்தமான பில்லாந்தின்) ஓடாவிட்டால் அந்த ஓட்டத்துக்கு மதிப்பில்லை.

பில்லாந்தின் பட்டை தெரிந்ததாலேயே சரக்கு சுத்தம் என்று ஆகிவிடாது. கொஞ்சம் அமாரஸ் இருந்தாலும் அது வரும். அளவெடுத்தால் இன்னொரு சிக்கல்: பில்லாந்தின் இலையில்தான் அதிகம். நம்மூர் வெயிலில் களத்தில் காய்ந்த செடியின் இலை உதிர்ந்து மூட்டை அடியில் தங்கிவிடும். மேலே ஒரு பிடி அள்ளினால் வெறும் தண்டு, சதவீதமும் குறைவு. விற்றவர்மேல்தான் பழி விழும். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைச் சேர்த்து அரைக்க வேண்டும். அறிக்கையில் பில்லாந்தின் சதவீதத்தோடு, மாதிரியில் இலை எவ்வளவு எடை, தண்டு எவ்வளவு எடை என்றும் எழுத வேண்டும்.