ஒற்றை உச்சியை நம்பாதீர்கள்

நடத்தையையும் பேச்சையும் முதலில் குலைக்கும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவுக்கும், ஏ.எல்.எஸ். எனும் இயக்க நரம்பணு நோய்க்கும் ஒரே மரபணுக் கோளாறு காரணமாகலாம் என்று 2011-இல் தெரியவந்தது. 9ஆவது குரோமோசோமில் உள்ள சி9ஓஆர்எஃப்72 மரபணுதான் அது. அதில் ஜிஜிஜிஜிசிசி என்ற ஆறெழுத்துத் துண்டு அடுத்தடுத்து வரும். பெரும்பாலானவர்களுக்குப் பத்துக்கும் குறைவு. நோயாளிகளுக்கு நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில்.

இதை லேபில் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. சாதாரண பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் சோதனை), தாய், தந்தை வழி வந்த இரண்டு பிரதிகளில் நீண்டது பெருகவே பெருகாது. ஜி, சி இரண்டும் இறுக்கமாக மடிந்துகொள்ளும். எனவே நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் நல்ல பிரதி மட்டும் ஒற்றை உச்சியாகத் தெரியும். இரண்டுமே நல்ல பிரதிகளாக, ஒரே நீளமாக இருந்தாலும் அதே படம்தான் வரும்!

ஆகவே ரிப்பீட்டுக்குள்ளிருந்தே, அதாவது திரும்பத் திரும்ப வரும் துண்டுகளுக்குள்ளிருந்தே பெருக்கும் ரிப்பீட்-பிரைம்டு பிசிஆர் கட்டாயம். ஒரு பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பக்கத்து வரிசையில், இன்னொன்று ரிப்பீட்டுக்குள், மூன்றாவது அந்த இரண்டாவது பிரைமரின் வாலில். டிஎம்எஸ்ஓ, பீட்டைன், 7-டீஅசா-டிஜிடிபி ஆகிய வேதிப்பொருள்களைச் சேர்த்தால் மடிப்பு தளரும். ரிப்பீட் மிகையாக நீண்டிருந்தால் (விரிவு) ஆறு எழுத்து இடைவெளியில், ரம்பப்பல் மாதிரி சரிந்துகொண்டே போகும் உச்சிகள் தெரியும். ரிப்பீட்டை ஒட்டிச் சில எழுத்துகள் விடுபட்டிருந்தால் அந்தப் பக்கப் பிரைமர் ஒட்டாது. இரு பக்கமிருந்தும் ஓட்டுவதே பாதுகாப்பு.

நீளம் வேண்டுமென்றால், டிஎன்ஏவை வெட்டி நீளவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் சதர்ன் பிளாட்தான். சிதையாத டிஎன்ஏ பல மைக்ரோகிராம் தேவை. பட்டை கோடாக வராமல் இழுபட்டுத் தெரிந்தால் பதற வேண்டாம். செல்லுக்குச் செல் நீளம் மாறுகிறது. ரத்தத்தில் அளந்த நீளத்தை வைத்து மூளையில் உள்ளதைச் சொல்லிவிட முடியாது.