கேம் பிராக்டிகல்: ஸ்பாட் ட்ரில்லை இரண்டாவதாகப் போட்டால் என்ன ஆகும்?

ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் டிப்ளமோ சேர்ந்தவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ். எல்லையிலுள்ள முள்ளோடை வருவதற்குள் உட்கார இடம் கிடைத்தால் ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம் ஓடும். என்னைப் போலக் கைவேலை பழகிவிட்டு கேம் (கம்ப்யூட்டரில் மெஷினுக்கு வெட்டும் புரோகிராம் போடுவது) லேபுக்குள் நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாடல் பிராக்டிகலில் வந்த டிராயிங் இது: 100க்கு 100, 25 மி.மீ. கனத்தில் அலுமினியம் பிளாக். நடுவில் 60க்கு 40 பாக்கெட் (பள்ளம்), ஆழம் 12, மூலை ரேடியஸ் 4. பிளாக்கின் நான்கு மூலைகளிலும் எம்8 டேப் (8 மி.மீ. மரை போட்ட துளை), பாக்கெட் தரையில் நடுவே இன்னொரு எம்8. சாஃப்ட்வேர் ஃப்யூஷன்.

டூல்பாத் (டூல் நகரும் பாதை) எல்லாம் சீக்கிரமே போட்டுவிட்டேன். ஃபேஸிங் (மேல்முகத்தைச் சமமாக்குவது), ஸ்பாட் ட்ரில் (துளைக்கு முன் போடும் அடையாளக் குழி), 12 மி.மீ. எண்ட் மில்லில் பாக்கெட் ரஃபிங் (முரட்டு வெட்டு), 6 மி.மீ. எண்ட் மில்லில் மூலைகள், 6.8 ட்ரில், கடைசியில் டேப். ஸ்பாட் ட்ரில் ஏன் இரண்டாவது என்றால், ஃபிட்டர் புத்திதான். ஹைட் கேஜில் கோடு போட்டு டாட் பஞ்ச் அடித்த பிறகுதானே நாங்கள் மற்றதைத் தொடுவோம்!

சார் வந்தார். புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டி, ஸ்பாட் ட்ரில்லின் ஐந்தாவது துளையில் விரலை வைத்தார். ஜி81 (துளையிடும் கட்டளை), இசட்-16.25 (பிளாக்கின் மேல்முகத்தைப் பூஜ்யமாக வைத்து, துளை முடியும் மட்டம்), ஆர்-7 (டூல் மெதுவாக வெட்டத் தொடங்கும் மட்டம்).

"தம்பி, இந்த ஆர்-7க்கு டூல் எப்படி வரும்?"

"ரேப்பிட்ல சார்."

"அந்த நேரம் பாக்கெட் வெட்டியாச்சா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. துளையின் வாய் பாக்கெட் தரையில், அதாவது இசட்-12ல் இருக்கிறது. அதற்கு 5 மி.மீ. மேலே ஆர். சாஃப்ட்வேர் மாடலைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது, மாடலில் அங்கே பள்ளம் இருக்கிறது. மெஷின் டேபிளில் அந்த நேரத்தில் இருப்பதோ கெட்டி அலுமினியம். ரேப்பிட் வேகத்திலேயே, அதாவது வெட்டாமல் நகரும் முழு வேகத்திலேயே, 7 மி.மீ. உள்ளே இறங்கப் பார்த்திருக்கும். டூல் அங்கேயே முறிந்திருக்கும். மார்க் போனது தனி.

சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்க மரத்தில் (ஆபரேஷன் பட்டியலில்) ஸ்பாட் ட்ரில்லைப் பிடித்து இழுத்து, 6 மி.மீ. ஆபரேஷனுக்குக் கீழே விட்டேன். இழுக்கும்போது கை நழுவி வேறு செட்டப்புக்குள் (பிளாக்கை ஒருமுறை பிடித்துச் செய்யும் ஆபரேஷன்களின் தொகுப்பு) விழுந்தால் அந்த செட்டப்பின் ஜீரோவை, அதாவது அளவு தொடங்கும் புள்ளியை, எடுத்துக்கொள்ளும், கவனம். இன்னொன்று, 6 மி.மீ. பாதை 12 மி.மீ. விட்டுவைத்த மிச்சத்தை நம்பிப் போட்டது. அந்த இரண்டையும் முன்பின் மாற்றினால் பழைய கணக்கு செல்லாது. அதனால் எதை நகர்த்தினாலும் செட்டப்பைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் ஜி அடித்து மறுபடி ஜெனரேட் செய்யுங்கள். பிறகு ஸ்டாக்கோடு (வெட்டாத பிளாக்கோடு) சிமுலேஷனை ஆரம்பத்திலிருந்து ஓட்டுங்கள். ரேப்பிட் உலோகத்தில் இடித்தால் கீழேயுள்ள பட்டையில் சிவப்பு தெரியும். லேப் சிஸ்டம் ஆமையாக நகர்கிறது என்று நான் அதைத்தான் விட்டுவிட்டேன்.

வீட்டில் பழக ஃப்ரீகேட் போதும், இலவசம். ஆனால் அங்கே மரத்தில் இழுத்தபோது எனக்கு வரிசை மாறவில்லை. ஜாபை (ஃப்யூஷனின் செட்டப் போன்றது) டபுள் கிளிக் செய்து, வொர்க்பிளான் டேபில் இருக்கும் மேல், கீழ் அம்புகளால்தான் மாற்றினேன். இது தெரியாமல் ஒரு ராத்திரி பூராவும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மவுஸைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுக்கப் பழகினேன். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பக்கத்தில் 'இதற்கு முன் என்ன முடிந்திருக்கணும்' என்று ஒரு சொல். டேப்புக்கு முன் 6.8, 6.8க்கு முன் ஸ்பாட், ஸ்பாட்டுக்கு முன் பாக்கெட் தரை. ஆறு ஆபரேஷனுக்கு மூன்று நிமிஷம். ஸ்பாட் ட்ரில் 90 டிகிரியாக இருந்தால் ஆழம் 4.25 கொடுங்கள், வாய் 8.5 ஆகி சாம்பரும் (துளை வாயின் சரிவும்) அதிலேயே விழுந்துவிடும். வரிசைப்படுத்த ஒரு ஆபரேஷன் குறைவு.

போர்டு பிராக்டிகலில் படிபோல் வெட்டி இறக்கிய தளத்தில் இரண்டு துளை வந்தது. இந்தத் தடவை ஸ்பாட் ட்ரில் நாலாவது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஆர் பற்றிக் கேட்கவே இல்லை. எம்8க்கு பிட்ச் (மரை இடைவெளி) எவ்வளவு என்றார். 1.25 என்றேன்.